கத்திக்கு நோகாத பலகை

தனிக்குடித்தனம் போகிற தங்கச்சிகள் சாமான் லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவது வழக்கம். குக்கர் எத்தனை லிட்டர், மிக்ஸி எத்தனை வாட்ஸ், தோசைக்கல் இரும்பா நான்ஸ்டிக்கா என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பார்கள். கடைசி வரியில் ‘கட்டிங் போர்டு – 1’ என்று இருக்கும். எந்தப் பொருளில், என்ன அளவில், எதை வெட்ட என்று ஒரு வார்த்தை இருக்காது. கடைக்குப் போனதும் கண்ணில் பட்ட ஏதோ ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். தினமும் காலையும் மாலையும் கை படுகிற சாமான் அது. கத்தி கூர் போகாமல் இருப்பதும், விரல் தப்பிப்பதும், பச்சைக் கோழியின் கிருமி வெள்ளரிக்காய்க்குத் தாவாமல் இருப்பதும் அந்தப் பலகையைப் பொறுத்துத்தான். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பலகை தேவைப்படவே இல்லை. அரிவாள்மணையில் கத்தி அசையாமல் நிற்கும், காய்தான் நகரும். வெட்டி முடித்த கூர் வெறும் காற்றைத்தான் தொடும், வேறு எதிலும் போய் இடிக்காது. அதனால்தான் ஒரு தடவை சாணை பிடித்தால் அத்தனை நாள் தாங்கியது. நின்றபடி சமைக்கிற மேடை வந்தது, கத்தி கைக்கு வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் கத்தி எதன் மேலாவது போய் இறங்கியாக வேண்டும். எதன் மேல் இறங்குகிறது என்பதுதான் பலகை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது. கத்தியைவிடப் பலகை மெத்தென்று இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கத்தியின் கூர் தலைமுடியைவிட மெல்லியது. கெட்டியான தளத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் அது ஒரு பக்கமாக மடங்கும், சில இடங்களில் சில்லு சில்லாகப் பெயர்ந்தும் போகும். கிரானைட் மேடையிலேயே வைத்து வெங்காயம் அரிகிற பழக்கம் நம்மூரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. கிரானைட் கத்தி எஃகைவிடக் கடினமானது. அதில் பட்டால் தேய்வது கத்திதான். கண்ணாடிப் பலகையும் அப்படியே. பார்க்க அழகாக இருக்கும், கறை பிடிக்காது, கழுவச் சுலபம். ஆனால் கத்தியை ஒரே மாதத்தில் மொக்கையாக்கிவிடும். காய் வேறு வழுக்கும். இப்போது ஸ்டீல் தகட்டிலும் பலகை வருகிறது, ‘கிருமி ஒட்டாது’ என்று சொல்லி விற்கிறார்கள். இரும்போடு இரும்பு மோதினால் கூருக்கு என்ன ஆகும் என்று நீயே யோசித்துப் பார். கண்ணாடி, ஸ்டீல், கிரானைட் மூன்றும் சப்பாத்தி மாவு தேய்க்கவும் சூடான பாத்திரம் வைக்கவும் நன்றாக உதவும். வெட்ட வேண்டாம்.

கத்தி மழுங்கினால் என்ன, அழுத்தி வெட்டினால் போச்சு என்று நினைக்காதே. அழுத்துகிற கத்திதான் வழுக்கும். தக்காளியை வைத்துப் பார்த்தால் தெரியும். கூர் இருக்கிற கத்தி தோலில் வைத்து இழுத்ததும் உள்ளே இறங்கும். கூர் போன கத்தி தோலை அமுக்கி, சாறு பிதுங்கி, அப்படியே பக்கவாட்டில் சறுக்கும். சறுக்குகிற பக்கத்தில் உன் இடது கை விரல் இருக்கும்.

ஆக, மிச்சம் இருப்பது மரம், மூங்கில், பிளாஸ்டிக். இதில் எனக்குப் பிடித்தது மரம்தான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மரம் என்றதும் எல்லா மரமும் ஒன்றில்லை.

கறிக்கடையில் கட்டையைக் கவனித்திருக்கிறாயா? பெரும்பாலும் புளியமரம். அடிமரத்தைக் குறுக்காக, வட்டமாக அறுத்து அப்படியே நிறுத்தி வைத்திருப்பார்கள். அதன் மேல் பகுதியில் மரத்தின் வளையங்கள் தெரியும். நார் எல்லாம் செங்குத்தாக நிற்கிறது என்று அர்த்தம். வெட்டுக்கத்தி அந்த நார்களுக்கு நடுவே இறங்கி வெளியே வருகிறது, நாரை அறுப்பதில்லை. புளியமரத்து நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளரக்கூடியது. அதனால் எத்தனை கொத்தினாலும் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து கறியில் கலக்காது. நாளெல்லாம் எலும்பு கொத்துகிற கடைக்காரர் வேறு எந்த மரத்தையும் லேசில் நம்புவதில்லை என்றால் காரணம் இதுதான்.

வீட்டுக்கு வாங்குகிற பலகையிலும் இதே இரண்டு விதம் உண்டு. சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டிச் சதுரங்கக் கட்டம் போல் தெரிகிற கட்டை, நார் செங்குத்தாக நிற்கிற வகை. கத்திக்கு ரொம்ப இதம். ஆனால் கனம் அதிகம், விலை அதிகம், தண்ணீரையும் வேகமாகக் குடிக்கும். நார் நீளவாக்கில் படுத்திருக்கிற சாதாரணப் பலகையே நம் சாம்பார், பொரியல் வேலைக்குத் தாராளம். வீட்டில் எலும்பு கொத்த வேண்டாம். அதைக் கடையிலேயே உனக்கு வேண்டிய அளவில் வெட்டித் தரச் சொல்லிவிடு. நம் கத்தியும் பலகையும் அதற்குச் செய்யப்பட்டவை இல்லை.

மர வகையில் தேக்கு நல்லது. இயற்கையிலேயே எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கோணாது. ஆனால் அதன் நாரில் மணல் சத்து கொஞ்சம் இருக்கிறது, கத்தி சற்று வேகமாக மழுங்கும். இரண்டையும் எடை போட்டால் ஈரம் அதிகமான நம் ஊருக்குத் தேக்கைத் தாராளமாகச் சொல்வேன். வேம்பும் நன்றாக உழைக்கும். புதிதில் லேசான வாடை இருக்கும், போகப் போகத் தெரியாது. மாமரம் மலிவு, கத்திக்கும் இதம். ஆனால் சரியாகக் காயாத மாம்பலகை உளுத்துப்போகும். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது என்று புரிந்துகொள். கடைகளில் வெளிர் மஞ்சள் நிறத்தில் பட்டை பட்டையாக ஒட்டி வருவது பெரும்பாலும் ரப்பர் மரம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் பால் வற்றிய பிறகு வெட்டுகிற மரங்கள்தான் இப்படிப் பலகையாகவும் மேஜையாகவும் மாறுகின்றன. விலைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை ஈரத்தில் ஊறவிட்டால் மன்னிக்காது.

மூங்கிலைப் பற்றிக் கேட்பாய். மூங்கில் மரமே இல்லை, புல். மெல்லிய சிம்புகளைப் பசை போட்டு அழுத்திப் பலகையாக்குகிறார்கள். பல மரங்களைவிடக் கெட்டியானது, அதில் மணல் சத்தும் உண்டு. கத்திக்கு நல்லதில்லை. ஒட்டு விட்டுப்போனால் அந்தக் கீறலுக்குள் தண்ணீர் போய்க் கறுத்துவிடும். லேசாக இருக்கிறது, மலிவாக இருக்கிறது என்பதற்காக வாங்குவதாக இருந்தால் பழம், ரொட்டி நறுக்க வைத்துக்கொள்.

கடையில் பலகையைக் கையில் எடுத்ததும் இதையெல்லாம் பார். முதலில் சமதளமான இடத்தில் வைத்து நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்து. ஒரு மூலையில் அழுத்தும்போது எதிர்மூலை எழும்பினால் அது ஏற்கெனவே கோணிய பலகை, வீட்டுக்கு வந்து நேராகாது. அடுத்து நார் முடிகிற ஓரத்தைத் திருப்பிப் பார். வளையம் வளையமாக, நடுவில் புள்ளி போல மரத்தின் நெஞ்சுப்பகுதி தெரிந்தால் வைத்துவிடு. அங்கிருந்துதான் பிளக்கும். ஒட்டுப்பலகை என்றால் ஒட்டின கோட்டின் மேல் நகத்தை ஓட்டு. நகம் எங்கேயும் சிக்கக் கூடாது. பிறகு மோந்து பார். பெயின்ட், வார்னிஷ் வாடை வந்தால் வேண்டாம். கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பூச்சு கத்தி படப் படப் பெயர்ந்து காயோடு போகும். நல்ல பலகை மங்கலாக, கைக்கு மரமாகத் தெரிய வேண்டும்.

தச்சு வேலை தெரிந்த ஆசாரி யாராவது பழக்கமா? கதவு, நிலைக்கு வாங்கிய மரத்தில் மிஞ்சின துண்டை இழைத்துத் தரச் சொன்னால் கடைப்பலகையைவிட நல்லதாகவே கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: கரையான் மருந்து அடித்த மரமா என்று. பழைய வீட்டை இடித்த மரத்தில் செய்ய வேண்டாம். அதில் என்னென்ன பூசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அளவில்தான் எல்லோரும் சிக்கனம் பிடிக்கிறார்கள். சின்னப் பலகையில் நறுக்கின பீன்ஸ் பாதி மேடையில், பாதி தரையில். நாலு பேர் வீட்டுக்கு 15 அங்குல நீளம், 10 அங்குல அகலம் குறைந்தபட்சம். கனம் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். அதைவிட மெல்லிய மரம் சீக்கிரம் கோணும். வாங்குவதற்கு முன் வீட்டு சிங்க்கை டேப் வைத்து அளந்துகொண்டு போ. சாய்த்துப் பிடித்தாவது சிங்க்குக்குள் முழுதாகப் போக வேண்டும். போகாத பலகையை யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை. இரண்டு, மூன்று அங்குலக் கனத்தில் வருகிற தடிக்கட்டை படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். நீ குள்ளமாக இருந்தால் அது தோளைத் தூக்க வைக்கும். நின்று கையை மடக்கிப் பார்: பலகையின் மேல்தளம் முழங்கைக்கு ஏறக்குறைய 4 அங்குலம் கீழே இருந்தால்தான் தோள் வலிக்காமல் ஒரு கிலோ சின்ன வெங்காயம் அரிய முடியும்.

ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய பலகை கோழிக்கும் தர்பூசணிக்கும் நல்லது, சாறு மேடைக்கு வராது. தினசரிக் காய்க்கு அது இடைஞ்சல். கொத்தமல்லியும் பூண்டும் அதில்தான் போய் உட்காரும். அடியில் ரப்பர் கால் வைத்ததையும் தவிர்த்துவிடு, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் பயன்படுத்த முடியாமல் போய்விடும். வழுக்காமல் இருக்க ஒரு ஈரத்துணியைப் பிழிந்து விரித்து, அதன் மேல் பலகையை வை. அசையவே அசையாது. இரண்டு பக்கத்தில் ஒன்றை வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய்க்கு, இன்னொன்றைப் பழத்துக்கு என்று பிரித்துக்கொள். ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டு வைத்தால் ஆப்பிளில் வெங்காய வாடை வருகிறதென்று குழந்தை தட்டைத் தள்ளாது.

அசைவம் சமைக்கிற வீடு என்றால் இன்னொரு பலகை கட்டாயம். மீனுக்குத் தனிச் சட்டி வைக்கிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு, பலகைக்கும் அதே கணக்குதான். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். குழம்பில் கொதிக்கும்போது அவை செத்துவிடும். அதே பலகையில் அப்புறம் நறுக்குகிற வெள்ளரிக்காயும் தக்காளியும் அடுப்பைப் பார்க்காமலே தட்டுக்கு வருகின்றன, ஆபத்து அங்கேதான். பெரிய ஹோட்டல் சமையலறைகளில் பச்சைக்கறிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சாலட்டுக்குப் பச்சை என்று நிறம் பிரித்து வைப்பது இதற்காக. நமக்கு இரண்டு போதும். கறிக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் வாங்கு. வளைகிற மெல்லிய ஷீட் சீக்கிரம் கிழிபடும்.

‘மரம் ஈரத்தை உறிஞ்சுமே, கிருமி தங்காதா’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரின் குழு இதையே சோதித்து 1994-இல் வெளியிட்டது. மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டு மேல்பரப்பில் திரும்பக் கிடைப்பது அரிதாக இருந்தது. புதுப் பிளாஸ்டிக்கைக் கையால் கழுவினால் சுத்தமாகிவிட்டது, ஆனால் கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் அப்படிச் சுலபமாகச் சுத்தமாகவில்லை. அப்படியானால் கறிக்கு ஏன் பிளாஸ்டிக் சொல்கிறாய் என்று கேட்பாய். கொதிக்கும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தேய்க்கலாம், கீறல் விழுந்ததும் யோசிக்காமல் தூக்கிப் போடலாம், விலையும் குறைவு. அதனால்தான். எப்போது தூக்கிப் போடுவது என்பதற்கு மஞ்சளே சொல்லிக் கொடுக்கும். மஞ்சள் தடவின மீனை வெட்டிக் கழுவின பிறகும் மெல்லிய மஞ்சள் கோடுகள் தெரிகிறதா? ஒவ்வொரு கோடும் ஸ்கிரப்பர் எட்டாத ஒரு பள்ளம். அந்தக் கோடுகள் வலை மாதிரி ஆகிவிட்டால் பலகையின் காலம் முடிந்தது. தினசரிக் காய்க்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக் பலகையில் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள் உணவில் சேர்கிறது என்று அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் கேரட் நறுக்கிக் காட்டினார்கள். அது உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆனாலும் தினம் இரண்டு வேளை வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி பராமரிப்பு. நல்ல பலகையும் இங்கேதான் வீணாகிறது.

புது மரப்பலகைக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், நாலு வாரத்தில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் என்று கேள். வேறு எதுவும் சேர்க்காத வெறும் பாரஃபின் வேண்டும் என்று சொல், ஏனென்றால் மலச்சிக்கலுக்குத் தருகிற கலவை மருந்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காய்ந்த பலகையில் எல்லாப் பக்கமும், குறிப்பாக நார் முடிகிற இரு ஓரங்களிலும் துணியால் தடவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் துடை. தண்ணீர் அதிகம் புகுவது அந்த ஓரங்கள் வழியாகத்தான். முதல் வாரத்தில் மூன்று நாலு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை. பலகை வெளிறி வறண்டு தெரிந்தால் அது எண்ணெய் கேட்கிறது.

கழுவும்போது ஒரு பக்கம் மட்டும் நனைக்காதே. ஒரு பக்கம் ஊறி இன்னொரு பக்கம் காய்ந்து இருந்தால் பலகை வளையும். இரண்டு பக்கமும் சோப்புப் போட்டுத் தேய்த்து, உடனே துடைத்து, செங்குத்தாக நிறுத்து. கிரானைட்டில் படுக்கப் போடாதே, அடிப்பக்கம் காற்றில்லாமல் புழுங்கிக் கறுப்புப் புள்ளி வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதில் இன்னும் கண்டிப்பாக இரு. ஃபேன் காற்று படுகிற இடத்தில் வை. சிங்க்கில் ஊறப்போடுவதும் டிஷ்வாஷரில் வைப்பதும் மரத்துக்கு ஆகவே ஆகாது. உச்சி வெயிலில் காயப்போடுவதும் கூடாது, வெடித்துவிடும். பிளாஸ்டிக்குக்கு வெயில் நல்லது, பாதி நாள் வைத்தால் மஞ்சள் கறை தானாகவே வெளுக்கும்.

மீனும் கோழியும் வெட்டின பலகையை முதலில் பச்சைத்தண்ணீரில் அலசு. எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சோப்பு, அதற்கப்புறம் கொதிநீர். வாரம் ஒரு முறை 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் திரவம் கலந்து சில நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசலாம். அதோடு எலுமிச்சையையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதே, விஷவாயு கிளம்பும். மரப்பலகையில் பூண்டு வாடைக்குக் கல்லுப்பைத் தூவி, எலுமிச்சை மூடியால் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவினால் போதும். வாழைப்பூவும் வாழைக்காயும் வைத்த கறுப்புக்கும் அதையே செய். முழுசாகப் போகாது, போகாவிட்டாலும் ஒன்றும் கெடுதல் இல்லை. பலாக்காய் வெட்டும் நாளில் பலகை, கத்தி, உன் கை மூன்றிலும் முன்கூட்டியே தேங்காயெண்ணெய் தடவிவிட்டால் பால் ஒட்டாது. அதற்குப் பிளாஸ்டிக் பலகையை எடு.

அம்மாவோ மாமியாரோ அரிவாள்மணையில் உட்கார்ந்து பழகியவர்கள் என்றால் அவர்களைப் பலகைக்கு மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்காதே. தேங்காய் துருவவும் மீன் ஆயவும் இன்றைக்கும் அதை மிஞ்சிய சாதனம் இல்லை. தரையில் பலகையை வைத்துக் குனிந்து வெட்டச் சொன்னால் அவர்கள் இடுப்புதான் போகும்.

லேசாகக் கரடுமுரடான மரப்பலகையை உப்புத்தாள் வாங்கி, முதலில் 120 நம்பர், அப்புறம் 220 நம்பர் என்று நாரின் போக்கிலேயே தேய்த்து, மறுபடி எண்ணெய் ஊட்டினால் புதுசாகிவிடும். விரிசல் விட்டிருந்தால் பசை போட்டு ஒட்டி மறுபடி உணவுக்கு எடுக்காதே. அதைக் குக்கரோ குழம்புச்சட்டியோ இறக்கி வைக்க மேடையில் போட்டுக்கொள், இன்னும் பல வருஷம் உழைக்கும்.